பல்லாவரத்துக் கருங்கல்: ஒரு மூலச்சுவடியின் கதை

பல்லாவரம் என்றவுடன் தமிழ் பயின்றோர் நினைவுக்கு முதலில் வருபவர் மறைமலையடிகளே. 1911இல் சென்னையை விட்டு அங்குக் குடியேறிய அடிகள், 1950இல் மறையும்வரை அவ்வூரிலேயே வாழ்ந்தார். தனித்தமிழ் இயக்கம் 1916இல் கருக்கொண்டதும் அங்குதான். அந்த ஊரைக் காட்ட வேண்டும் என்ற விருப்பத்தால் சென்ற ஆண்டு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு மின்தொடர்வண்டியில் சென்று இறங்கினோம். நடைமேடையில் நின்றபடி ஒரு மாணவி, "அடிகள் வருவதற்கு முன் இந்த ஊருக்கு என்ன வரலாறு ஐயா?" என்று கேட்டாள். பல்லவபுரம் என்ற பெயரே பல்லாவரம் என மருவியதையும், மகேந்திரவர்மன் குடைவித்த குகை ஒன்று அங்கு உள்ளதையும் சொல்லி விடையை முடித்துக்கொண்டோம். அவ்விடை போதாது என்பதைப் பின்னர் நூலகத்தில் உட்கார்ந்தபோதுதான் உணர்ந்தோம். நாம் நின்ற நடைமேடைக்கும், அதை ஒட்டி ஓடும் பெருஞ்சாலைக்கும், அப்பால் தெரிந்த குன்றுகளுக்கும் உள்ள உறவே ஒரு பெரிய வரலாறு. அவ்வரலாற்றைச் சொல்வதும், அதன் இறுதி ஏடுகள் அழிந்துகொண்டிருக்கும் நிலையைக் கவனத்துக்குக் கொணர்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குன்றுத்தொடர், பல தொடக்கங்கள்

சென்னையின் தெற்கே பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் எனத் தொடரும் சிறு குன்றுகளை ஒட்டியே தென்னாட்டுப் பெருஞ்சாலையும் இரயில் பாதையும் செல்கின்றன. இரண்டும் ஏறத்தாழ இணைகோடுகள். சாலையின் மறுபுறம் விமான நிலையம். நாள்தோறும் பல இலட்சம் மக்கள் இவ்வழியே கடந்து செல்கின்றனர். இந்தியாவில் இத்தனை பேர் கண்ணில் படும் வேறு குன்றுகள் அரிதாகவே இருக்கும். கண்ணில் படுவது வேறு, காணப்படுவது வேறு என்பதற்கும் இவற்றைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் இக்குன்றில் ஒரு குடைவரையை அமைத்துத் தன் விருதுப் பெயர்களை அதில் பொறித்தான். அக்குடைவரை பிற்காலத்தில் தர்காவாக மாறி இன்றும் வழிபாட்டில் உள்ளது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெருமுயற்சிக்கான அடிக்கோட்டைப் பரங்கிமலையருகே தொடங்கிப் பெரும்பாக்கம் வரை அளந்தார். அதன் நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இமயம்வரை நீண்ட முக்கோண அளவைக்கு முதல் கோடு இங்குதான் விழுந்தது.

1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துப் படை அணிவகுப்பு மைதானத்தில் சரளைக்காகத் தோண்டப்பட்டிருந்த ஒரு குழியருகே, மனிதக் கையால் செதுக்கப்பட்ட குவார்ட்சைட் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது பழைய கற்காலக் கருவி. இந்தியத் துணைக்கண்டத்தின் தொல்பழங்கால ஆய்வு அந்தச் சரளைக் குழியில் பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் அவர் தோழர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அத்திரம்பாக்கக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மை உடையவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் நிறுவினர். இவ்வளவுக்கும் அடியெடுத்துக் கொடுத்தது, செம்மண் சரளைக்காக யாரோ வெட்டிய ஒரு பள்ளம்.

கல்லறைக் கல்லின் பெயர்

நான்காவது தொடக்கமே நம் கட்டுரையின் பொருள். கல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் யோப் சார்னாக்கின் கல்லறை உள்ளது. 1690இல் ஹூக்ளிக் கரையில் வணிகக் குடியேற்றத்தை நிறுவிய கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் அவர். அவரை நகரத்தின் நிறுவனர் என்று கொள்ளலாகாது எனக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது தனிக்கதை. வங்கம் வண்டல் மண் நாடு. அங்குக் கல்லறைக்கு வேண்டிய பாறை கிடைப்பது அருமை. ஆகவே கல் சென்னைப் பகுதியிலிருந்து கப்பலேறிச் சென்றது.

இருநூறு ஆண்டுகள் கழித்து, புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். 1893இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமத்தைக் கொண்ட இந்தப் பாறைக்கு, கல்லின் கீழ் உறங்குபவர் பெயரால் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளை அடிப்படையாகக் கொண்டு 1900இல் அவர் வெளியிட்ட விரிவான ஆய்வுநூல் இப்பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. பிற்பாடு நீலகிரி, சேர்வராயன், பழனி மலைகளிலும் கேரளத்திலும் இலங்கையிலும் அண்டார்டிகாவிலும் இதே வகைப் பாறை அடையாளங் காணப்பட்டது. ஒரு காலத்தில் ஒன்றாயிருந்த நிலப்பரப்புகள் பிரிந்து விலகிய கதையைச் சொல்லும்போது நிலவியலார் எடுத்துக்காட்டும் சான்றுகளுள் இப்பாறையும் ஒன்று.

இதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். நிலத்துக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர்ப்பசை அற்ற சூழலில் உருவான பாறை இது. மேலிருந்த அத்தனை கிலோமீட்டர் நிலமும் யுகயுகமாக அரித்துச் சென்ற பிறகு, அடித்தளம் மேலே வந்து நம் கண்ணுக்குத் தெரிகிறது. நாம் வீட்டு வாசற்படியாகவும் அம்மியாகவும் 'கருங்கல்' என்று பொதுவாகச் சொல்லிப் புழங்கும் கற்களில் இதுவும் அடங்கும். நீலச் சாயலும் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பும் இதற்கு உண்டு.

வழி காட்டியதும் வழி கொண்டதும்

இனிச் சாலைக்கும் இரயிலுக்கும் வருவோம். நிலத்தின் உட்புறத்தை மனிதன் கண்டது பெரும்பாலும் தன் பயணத்துக்காக அதை வெட்டியபோதுதான். இங்கிலாந்தில் வில்லியம் ஸ்மித், 1790களில் சாமர்செட் நிலக்கரிக் கால்வாய்க்காக நில அளவை செய்தபோது, வெட்டிய கரைகளில் பாறை அடுக்குகள் ஒரே வரிசையில் வருவதையும், ஒவ்வோர் அடுக்குக்கும் தனியான புதைபடிவங்கள் உரியன என்பதையும் கண்டார். 1815இல் அவர் வெளியிட்ட நிலவியல் வரைபடம் அக்கால்வாய் வெட்டிலிருந்து பிறந்தது என்றே சொல்லலாம். பின்வந்த இரயில் பாதைகள் மலைகளைப் பிளந்து இன்னும் பல ஏடுகளைத் திறந்தன. பல்லாவரத்துச் சரளைக் குழியும் கல்லுடைக்கும் குன்றும் இந்த வரிசையில் வைத்து எண்ணத் தக்கவை.

ஆனால் திறந்த கையே ஏட்டைக் கிழிக்கவும் செய்தது. 1870களில் இவ்வழியே இருப்புப் பாதை போடப்பட்டது. 1931இல் கடற்கரை – தாம்பரம் மின்வண்டி ஓடத் தொடங்கியது. இருப்புப் பாதைக்குச் சல்லி வேண்டும், தார்ச்சாலைக்குச் சல்லி வேண்டும், வளரும் நகரத்தின் கான்கிரீட்டுக்கும் சல்லி வேண்டும். உறுதியில் சிறந்த சல்லி எது என்று கேட்டால், தென்னகத்தில் எந்தக் கொத்தனாரும் நீலச் சாயல் கருங்கல்லைத்தான் காட்டுவார். 'புளூ மெட்டல்' என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் இந்த வகைக் கல்தான். கல் இருக்குமிடம் பக்கத்தில், கொண்டுசெல்லச் சாலை வாசலில், வாங்கும் நகரம் எதிரில். பல்லாவரம், திரிசூலம், பம்மல் சுற்றுவட்டாரத்தில் குவாரிகள் பெருகியதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. பாறை தீர்ந்த இடங்களில் ஆழ்ந்த கல்குட்டைகள் எஞ்சின. குன்றின் ஒரு பக்கம் முழுமையாக நிற்க, மறுபக்கம் வாளால் அறுத்தது போல் செங்குத்தாக முடிவதை இன்றும் திரிசூலத்தில் காணலாம்.

இதற்காக யாரையும் பழிப்பது நம் நோக்கமன்று. கல்லுடைத்தவர்கள் கூலிக்காக உடைத்தார்கள். அவர்கள் உடைத்த சல்லியின் மேல்தான் அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய் வந்தனர். மேலும், வெட்டியிராவிடில் பாறையின் புதுமுகம் தெரிந்திராது. மழையும் வெயிலும் தின்ற மேற்பரப்பை வைத்து நிலவியலார் அதிகம் படிக்க முடியாது. கர்நாடகத்துக் கப்பல்துர்க்கத்தில், நைஸ் பாறை சார்னோக்கைட்டாக மாறும் நிலையைப் பிச்சமுத்து என்ற நிலவியல் அறிஞர் 1960இல் எடுத்துக்காட்டினார். பின்னர் உலக ஆய்வாளர் பலர் நாடிச் சென்றது அங்குள்ள கல்குவாரியைத்தான். ஆக, வெட்டு என்பது அறிவுக்குப் பகையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கு நிறுத்துவது என்று அறியாத வெட்டுதான் பகை.

எங்கும் கிடைக்கும் கல்லை ஏன் காக்க வேண்டும்?

இங்கு ஒரு நியாயமான ஐயம் எழும். திருவக்கரையிலும் சாத்தனூரிலும் உள்ள கல்மரங்களைக் காப்பதில் பொருள் உண்டு. அவற்றைக் கண்டவுடன் சிறுவனும் வியப்பான். வேலியிட்டுப் பெயர்ப்பலகை வைத்தால் மக்கள் வருவர். சார்னோக்கைட் அப்படியா? தமிழ்நாட்டின் பாதி மலைகள் அந்தக் கல்லால் ஆனவை. ஒரு குன்று போனால் என்ன, நீலகிரி இருக்கிறதே?

தமிழ் படித்தவர்களுக்கு இவ்வையத்துக்கு விடை சொல்வது எளிது. சங்க நூல்கள் அச்சாகி நூறாண்டுக்கு மேல் ஆகின்றன. எந்தப் புத்தகக் கடையிலும் அவை கிடைக்கும். ஆயினும் உ. வே. சாமிநாதையர் தேடிச் சேர்த்த ஏட்டுச்சுவடிகளை நாம் ஏன் காக்கிறோம்? பாடபேதம் எழும்போது திரும்பிச் சென்று பார்ப்பதற்கு மூலம் வேண்டும் என்பதால்தான். பதிப்பாசிரியர் எங்கே சரியாகப் படித்தார், எங்கே ஊகித்தார் என்பதை ஓலையே சொல்லும். நிலவியலிலும் இந்த முறைமை உண்டு. ஒரு பாறைக்கு எந்த இடத்துக் கல்லை வைத்து முதலில் இலக்கணம் வகுக்கப்பட்டதோ, அந்த இடம் அப்பாறையின் மூல இடம். அண்டார்டிகாவில் எடுத்த ஒரு கல் சார்னோக்கைட்தானா என்ற கேள்வி எழுந்தால், ஒப்பிட வேண்டியது பல்லாவரம் – பரங்கிமலைப் பாறையோடு.

பாடபேதமும் இங்குக் குறைவில்லை. உருகிய பாறைக் குழம்பு உறைந்ததால் வந்தது இக்கல் என்று ஹாலந்து கருதினார். பின்வந்தோரில் பலர், முன்பே இருந்த பாறை பெருவெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியதால் வந்தது என்றனர். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் நீண்ட வாதம் இது. கருவிகள் நுட்பமாகுந்தோறும் பழைய இடத்துக்குத் திரும்பிப் புதிய மாதிரி எடுத்து ஆராய வேண்டிய தேவை எழுகிறது. ஹாலந்து காலத்தில் நுண்ணோக்கி மட்டுமே இருந்தது. இன்று ஒரு சிறு கனிமத் துகளைக் கொண்டு அதன் வயதையே கணிக்க முடிகிறது. நாளை என்ன முடியும் என்பதை நாம் அறியோம். அந்த நாளையவனுக்கு மூலச்சுவடி இருக்க வேண்டும். நீலகிரியில் உள்ளது நல்ல படியாக இருக்கலாம். படி மூலமாகாது.

சட்டம் காப்பதும் காவாததும்

பரங்கிமலைச் சார்னோக்கைட்டைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களுள் ஒன்றாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்துள்ளது. பாராட்டுக்குரிய செயல். ஆனால் இவ்வறிவிப்புக்கும் தொல்லியல் நினைவுச்சின்னத்துக்குக் கிடைக்கும் காப்புக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கோயில், கல்வெட்டு, முதுமக்கள் தாழி போன்ற மனித ஆக்கங்களைக் காக்க 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2010இல் அது திருத்தப்பட்டு, பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டரில் கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டரில் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டன. மனிதக் கை படாத பாறைக்கு இப்படி ஒரு தனிச்சட்டம் அமையவில்லை. புவிப் பாரம்பரியத் தலங்களுக்கும் புவி எச்சங்களுக்குமான வரைவு மசோதா ஒன்றைச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் கருத்துக்கு வெளியிட்டது. அதிகாரம் முழுவதும் ஒரே துறையில் குவிகிறது என்ற விமரிசனம் ஆய்வாளரிடையே எழுந்தது. வரைவும் விமரிசனமும் வந்து ஆண்டுகள் கழிந்தன.

பல்லாவரத்திலேயே இவ்விரு நிலைகளையும் அருகருகே காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ இவ்வூரில் சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். இங்குள்ள பெருங்கற்கால ஈமத்தலம் மையத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதைச் சுற்றி நெருக்கமாக வீடு கட்டி வாழும் மக்கள், மாடி எழுப்பவும் பழுது பார்க்கவும் இயலாமல் தவிப்பதாகப் பலமுறை முறையிட்டுள்ளனர். ஒருபுறம், தாழி புதைந்த மண்ணுக்காக மக்கள் அல்லற்படுகின்றனர். மறுபுறம், அந்தத் தாழிக்கும் மூத்த பாறைக்கு ஒரு கயிறுகூடக் கட்டப்படவில்லை. அளவு மீறிய வேலியும் வேலியே இன்மையும் ஒரே ஊரில் நிற்கின்றன. புவிப் பாரம்பரியத்துக்குச் சட்டம் செய்வோர் பல்லாவரத்துக்கு ஒருமுறை வந்து, இவ்விரண்டையும் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தால் நன்று. மக்கள் வீட்டின் மேல் வேலி போட்டுக் காக்கப்படும் எந்தக் கல்லும் மக்கள் மனத்தில் பகையாகவே பதியும்.

பிறர் செய்தது

சாலையும் கல்லும் மோதிக்கொண்ட இடங்கள் உலகில் பல. அவற்றுள் மூன்றை மட்டும் சொல்வோம்.

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன் அருகே கரென்க்கே என்ற இடத்தில், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியின் தரையில் டைனோசர்களின் காலடித் தடங்கள் 1986இல் கண்டறியப்பட்டன. நூறு மீட்டருக்கும் மேல் நீண்டு செல்லும் தடவரிசை அது. நகரைச் சுற்றி அமையவிருந்த விரைவுச்சாலை அதன் மேலேயே வருவதாக இருந்தது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கலோபிம் தெ கார்வாலோ என்ற நிலவியல் பேராசிரியர் முன்னின்று மக்களையும் இதழ்களையும் திரட்டினார். முடிவில் அரசு இணங்கியது. தடங்களுக்குக் கீழே சுரங்கம் குடைந்து சாலை கொண்டு செல்லப்பட்டது. 1997இல் அவ்விடம் இயற்கை நினைவுச்சின்னம் ஆயிற்று. ஆயினும் அங்கு எழுப்பத் திட்டமிட்ட காட்சியகம் நெடுங்காலம் எழவில்லை. இடம் பராமரிப்பின்றிக் கிடந்தது. சாலையிடமிருந்து காத்துவிட்டால் காப்பு முடிந்துவிடுவதில்லை என்பதையும் கரென்க்கே கற்பிக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 1937இல் ஒரு மலைமுகட்டின் குறுக்கே சாலை அமைத்தபோது, வெட்டிய பாறைச் சரிவில் டைனோசர் தடங்கள் வெளிப்பட்டன. அந்தச் சாலையே இன்று அவ்விடத்தைக் காணச் செல்லும் வழி. 1989இல் உள்ளூர் ஆர்வலர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கிப் பராமரிப்பை ஏற்றனர். பிற்பாடு பொது வாகனப் போக்குவரத்து அங்கு நிறுத்தப்பட்டது. சாலை திறந்த ஏட்டுக்குச் சாலையே மடியும் ஆயிற்று.

மூன்றாவது நம் அண்டையில். பெங்களூர் லால்பாக்கில் உள்ள பாறைக்குன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டுத் தொன்மை உடைய தீபகற்ப நைஸ் பாறை. அதுவும் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். நகரத்துக்கான சுரங்கச் சாலைத் திட்டத்தில் ஒரு வாயில் லால்பாக்கை ஒட்டி வருவதாக அறியப்பட்டபோது, 2025இல் காலை நடைக்கு வருவோரும் மாணவரும் நிலவியலாரும் சேர்ந்து எதிர்ப்புக் குரல் எழுப்பினர். நாம் கவனிக்க வேண்டியது அக்குரலை எழுப்பியோர் யார் என்பதை. அப்பாறையின் மேல் ஏறி அமர்ந்து பழகியவர்கள் அவர்கள். பழகிய கல்லுக்குத்தான் மனிதர் பரிந்து பேசுவர். பல்லாவரத்துக் கல்லுக்குப் பரிந்து பேச ஆளில்லாமைக்குக் காரணம், அதைக் கடந்து செல்வோர் கோடிக்கணக்கினர் ஆயினும் அதனோடு பழகியோர் எவருமில்லை என்பதே.

என்ன செய்யலாம்

நாம் நிலவியல் கற்றவர்கள் அல்லோம். எனினும் மூலச்சுவடி காக்கும் மரபில் வந்தவர்கள் என்ற உரிமையில் சில சொல்லத் துணிகிறோம்.

முதலாவது, எஞ்சியுள்ள பாறைமுகங்களுள் இரண்டையோ மூன்றையோ நிலவியலார் தேர்ந்து, அவற்றின் எல்லையைச் சாலைத் துறை, இரயில்வே, மாநகராட்சி ஆகியவற்றின் வரைபடங்களிலேயே குறிக்க வேண்டும். 2021இல் பல்லாவரம் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. சாலை அகலப்படுத்தலும் புதுத் தடங்களும் இப்பகுதியில் ஓய்வதில்லை. பொறியாளர் மேசையில் உள்ள வரைபடத்தில் இல்லாத நினைவுச்சின்னம், இயந்திரம் வந்து நிற்கும் நாளில் நினைவுக்கு வராது.

இரண்டாவது, சரிவுகளை உறுதிப்படுத்தும் முறை. சாலையோரப் பாறை உதிர்ந்து உயிர்ச்சேதம் ஆகக்கூடாது என்பதற்காகச் சிமெண்டுக் கலவையை அதன்மேல் பீய்ச்சி மூடிவிடுவது வழக்கம். உயிர்க்காப்பு முதன்மையானது, ஐயமில்லை. ஆயினும் முழு முகத்தையும் மூடாமல், உறுதியான ஒரு பகுதியைக் கம்பி வலையோடு மட்டும் திறந்து விடலாம். பிரிட்டனில் 1977இல் தொடங்கிய நிலவியல் தல மறுஆய்வின்போது தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களுள் சாலை, இரயில் வெட்டுமுகங்கள் பல. ஓடும் பாதையும் படிக்கும் பாறையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு அவை சான்று.

மூன்றாவது, மிக எளியது. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் நிலையங்களில் ஆளுக்கொரு பாறைப்பலகை. ஒரு பக்கம் மெருகேற்றிய சார்னோக்கைட் துண்டு, மறுபக்கம் தமிழில் நான்கு வரி: இது எங்கே, எப்போது, எவ்வளவு ஆழத்தில் உருவானது, ஏன் இதற்கு இந்த ஊர் மூலம். வண்டிக்குக் காத்திருப்பவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். சுத்தியலால் யாரும் பெயர்க்காதிருக்க ஆய்வாளருக்கெனத் தனியே மாதிரிகளை எடுத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். ஃபூட் தம் வாழ்நாள் சேகரிப்பை 1904இல் ஒப்படைத்தது அந்த அருங்காட்சியகத்தில்தான் என்பதை நினைக்கும்போது, இது புதிய வழக்கமும் ஆகாது.

வழியில் கல் நிறுத்துவது நமக்குப் புதிதன்று. போரில் வீழ்ந்த வீரனுக்கு வழியோரத்தில் நடுகல் எடுத்துப் பெயரும் பீடும் எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர். வழிப்போக்கன் அங்கு நின்று, யாருடைய கல் இது என்று படித்து, வணங்கிச் சென்றான். தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியில் ஊர்த்தொலைவைக் காதக் கணக்கில் பொறித்த கற்களும் கிடைத்துள்ளன. வழியும் கல்லும் எழுத்தும் சேர்ந்து இருப்பதே நம் மரபு. பல்லாவரத்தில் வழி இருக்கிறது, கல் இருக்கிறது. எழுத்து ஒன்றுதான் குறை.

திரும்பி வரும்போது, நடைமேடை ஓரத்துச் சல்லியில் ஒன்றை அம்மாணவி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் பாய்ந்த கல். எந்தக் குன்றிலிருந்து வந்ததோ, நமக்குத் தெரியாது. அன்று அதைப் பற்றிச் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. வண்டி வந்ததும் அவள் அதைக் கீழே போட்டுவிட்டு ஏறினாள். அடுத்த முறை மாணவரை அழைத்துச் செல்லும்போது அடிகளின் ஊரைக் காட்டுவதற்கு முன்பு அந்தக் கல்லிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். அவ்வழியே செல்லும் வாசகர்களும் ஒருமுறை சன்னலோரம் அமர்ந்து, பரங்கிமலையைக் கடந்ததும் குன்றுகளைப் பார்க்க வேண்டுகிறோம்.